மட்கார்டு இல்லாத இரும்பு: பந்தயக் காரின் சஸ்பென்ஷனைச் சுத்தம் செய்தல்

ஃபார்முலா வகைப் பந்தயக் காருக்கு மட்கார்டு கிடையாது. நான்கு சக்கரங்களும் உடம்பை விட்டு விலகி வெளியே நிற்கும். அவற்றைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள், புஷ்ராடு, டிஸ்க், காலிபர் எல்லாம் வெயிலும் மழையும் தூசியும் நேரே படும் இடத்தில் இருக்கின்றன. சாலையில் ஓடும் காரில் இதே உறுப்புகள் ஃபெண்டருக்குள் மறைந்து கிடப்பதால், வாங்கி ஐந்து வருடம் ஆனாலும் உரிமையாளர் அவற்றைப் பார்த்திருக்க மாட்டார். பந்தயக் காரில் அவற்றைப் பார்த்தே தீர வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது ஓட்டுநரின் உயிரைப் பிடித்திருப்பவை விரல் தடிமன் உள்ள சில இரும்புக் குழாய்கள். அவற்றைக் கழுவித் துடைப்பதன் முதல் நோக்கம் அவற்றைத் தெளிவாகப் பார்ப்பது. பளபளப்பு அதற்குப் பிறகுதான்.

சென்னையை அடுத்த தண்டலம் பகுதிக்கு இது அயல் விஷயம் இல்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பக்கத்திலேயே இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த பந்தயத் தளம் 1990இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. கோவையைச் சேர்ந்த கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள்தான், செலவு குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இங்கே பலர் கைக்கும் கொண்டுவந்தன. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களில் 1300 சிசி ஸ்விஃப்ட் எஞ்சின் இருக்கிறது. இந்தப் பகுதியின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் போட்டிக்காகக் கட்டும் சிறிய ஃபார்முலா கார்களும் இதே குடும்பம்தான்: குழாய்களை வெல்டு செய்த சட்டம், இரட்டை ஆர்ம், வெளியே தெரியும் இரும்பு.

பந்தயம் முடிந்து பிட்டுக்கு வரும் காரின் ஆர்ம்மை விரலால் தடவினால் கையில் ஒட்டுவது ஒரே அழுக்கு அல்ல. கறுப்பாக, நைஸாக இருப்பது பிரேக் தூள். டிஸ்க்கும் பேடும் உரசும்போது உதிரும் இரும்புத் துகள் சூட்டோடு பறந்து வந்து பெயிண்டிலும் அலாய் சக்கரத்திலும் பதிந்துவிடும். இரண்டு நாள் ஈரக்காற்று பட்டால் ஒவ்வொரு துகளும் ஒரு பழுப்புப் புள்ளியாக மாறும். உருண்டை உருண்டையாக ஒட்டியிருப்பது டயரிலிருந்து பிய்ந்த ரப்பர். கார் தளத்தை விட்டு ஒருமுறை வெளியே போய் வந்திருந்தால் மண்ணும் புல்லும், புஷ்ராடின் அசைவை ஸ்பிரிங்குக்குத் திருப்பும் ராக்கரின் இடுக்கில் சிக்கியிருக்கும். பைக் எஞ்சினும் செயினும் வைத்த மாணவர் கார் என்றால், பின்பக்கம் முழுக்கச் செயின் எண்ணெய் தெறித்து, அதன் மேல் தூசி அப்பியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது ஒன்றும் உண்டு: உப்பு. இருங்காட்டுக்கோட்டை கடலிலிருந்து நெடுந்தூரம் உள்ளே இருப்பதால் அங்கே காற்றில் உப்பு குறைவு. ஆனால் 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயம் போல், கடற்கரைக்கு அருகே ஓடித் திரும்பும் காரை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று ஏறும். உப்பு படிந்திருந்தால் அதற்கும் குறைந்த ஈரமே போதும். சென்னை வட்டாரத்தில் விடியற்காலை ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வந்தவுடன் தண்ணீரை எடுத்து அடிக்கத் தோன்றும். அங்கேதான் முதல் தவறு நடக்கிறது. கழுவுவதற்கு முன்பே ஒருமுறை, டார்ச் விளக்கோடு, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துவிட வேண்டும். அழுக்குக்கும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அது போய்விடும். ஒரு போல்ட்டின் வாஷரைச் சுற்றி மட்டும் செங்கல் பொடி போலச் சிவந்த தூள் கசிந்திருந்தால், அந்த இடத்தில் இரண்டு உலோகங்கள் நுண்ணிய அளவில் அசைந்து உரசிக்கொண்டிருக்கின்றன, போல்ட் இறுக்கம் இழந்திருக்கிறது என்று பொருள். ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுற்றித் தூசி காய்ந்திருந்தால் நல்லது. ஈரமாகக் குழைந்திருந்தால் சீல் கசிகிறது. சுற்றிலும் அழுக்கு இருக்க, ஒரு மூட்டின் ஓரத்தில் மட்டும் பிறை வடிவில் உலோகம் பளிச்சென்று தெரிந்தால், அங்கே எதுவோ இடிக்கிறது. டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட்டுக்கு நேரே சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் கோடு வளையமாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்திருக்கிறது. இவற்றைக் குறித்து வைத்துக்கொண்ட பிறகே குழாயைத் திறக்க வேண்டும். கழுவிய பின் பார்த்தால் இந்தக் கோளாறுகள் உள்ள காரும் நல்ல காரும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது சூடு. கடைசிச் சுற்றில் அழுத்திப் பிடித்த டிஸ்க் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். வார்ப்பிரும்பு மேல் அப்போது குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளலாம், மயிர்க்கோடு போல வெடிப்பும் விழலாம். பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் தெரியாத அளவுக்கு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, நான்கு ஸ்டாண்டில் இறக்கி, சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஆர்ம்முக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. இது வொர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த விதி. எல்லோரும் அவசரத்தில் மீறும் விதியும் இதுதான்.

தண்ணீரைப் பொறுத்தவரை வீட்டுக் குழாயின் அழுத்தமே போதும். பம்ப் வைத்துப் பீய்ச்சும் வாட்டர் சர்வீஸ் கருவி 100 பாருக்கு மேல் அடிக்கும். அது மண்ணை மட்டும் தள்ளுவதில்லை. ஹப் பேரிங்கின் சீலைத் தாண்டித் தண்ணீரையும் நுண்மணலையும் உள்ளே செலுத்திவிடும். அன்றைக்கு எதுவும் தெரியாது. மூன்றாவது வாரம் சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரும். சேறு கெட்டியாக இருக்கும் அடித்தட்டுக்கு அந்தக் கருவியைத் தூர நிறுத்திப் பயன்படுத்தலாம். பேரிங், ராட் எண்ட், ஸ்டியரிங் ராக்கின் ரப்பர் பூட், மின் இணைப்புகள் ஆகியவற்றுக்கு அதைத் திருப்பவே கூடாது. அடித்தட்டு முதலில், ஆர்ம்கள் அடுத்து, சஸ்பென்ஷனின் நுண் மூட்டுகள் கடைசியில் என்பதே வரிசை. மேலிருந்து கீழே வழிவதும், அழுக்கானதிலிருந்து நுட்பமானதுக்கு வருவதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினால், துணியையும் வாளித் தண்ணீரையும் இடையில் மாற்றிவிட்டால் போதும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க நம் ஊர் ஷெட்டுகளில் வழிவழியாகக் கையில் எடுப்பது மண்ணெண்ணெய், டீசல், தின்னர். கழற்றி எடுத்த வெறும் இரும்புப் பாகத்தை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுப் பிரஷால் தேய்ப்பதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பொருத்திய நிலையில் இருக்கும் சஸ்பென்ஷனில் அதே மண்ணெண்ணெய் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்து உப்பவிடும். பிரேக் காலிபரின் சீல்கள் கிளைக்கால் வகை பிரேக் ஆயிலுக்காகச் செய்த ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் அவற்றுக்கு நேர் எதிரி. காலிபரைச் சுற்றி நடுநிலையான ஷாம்பு கரைசலும் மென்மையான பிரஷும்தான். பிரேக் ஆயில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும். அது தண்ணீரில் கரையும், ஆனால் விட்டுவைத்தால் பெயிண்டைத் தோலுரித்துவிடும். பிரேக் கிளீனர் ஸ்பிரேயில் குளோரின் சேர்ந்த வகைகள் உண்டு. அது காயாத பாகத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். வெல்டிங்கும் கழுவுதலும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் சிறு ஷெட்டுகளில் இதைச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

இரும்பு, அலுமினியம், குரோம் பூச்சு, துத்தநாகப் பூச்சு என ஒரு மூலையிலேயே நான்கு விதமான உலோகப் பரப்பு இருக்கும். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம். சக்கர ஹப்பைத் தாங்கும் அலுமினிய அப்ரைட்டை எடுத்துக்கொண்டால், அதன் மேல் தானாகவே படியும் ஆக்சைடு படலம்தான் அதன் தோல். அமிலம் கூடினாலும் காரம் கூடினாலும் அந்தத் தோல் கரையும். எஞ்சின் கழுவ விற்கும் மலிவான டிகிரீசர் சிலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். அது பட்டால் அலுமினியம் நுரைத்துக் கறுக்கும், அனோடைஸ் செய்த நிறம் வெளுக்கும். இரும்பு வயர் பிரஷால் அலுமினியத்தைத் தேய்ப்பது இன்னொரு கெடுதல். பிரஷிலிருந்து உடையும் இரும்புத் துணுக்கு மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து, ஈரத்தில் சிறு மின்கலம் போல வேலை செய்து, சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்கும். நைலான் பிரஷ் போதும், அதற்கு மேல் வேண்டாம். மெக்னீசியம் சக்கரம் வைத்த பழைய பந்தயக் கார்களில் இந்த எச்சரிக்கை இருமடங்கு. பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது.

சக்கரத்தில் பதிந்த இரும்புத் துகளுக்கு அமிலம் சேராத அயர்ன் ரிமூவர் திரவம் நல்ல வழி. தெளித்த சில நிமிடங்களில் துகள் உள்ள இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வழியும். அந்த நிறம் இரும்போடு மருந்து சேர்ந்ததன் அடையாளம். காயவிடாமல் அலசிவிட வேண்டும்.

துருவுக்கு நம் வீடுகளில் கைப்பழக்கமாக வருவது புளி. பித்தளைக் குத்துவிளக்கில் புளியைத் தேய்த்தால் களிம்பு கரைந்து பொன் போல மின்னும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் இரும்புத் துருவையும் மெல்லக் கரைக்கும். பழைய ஸ்பானரைப் புளிக்கரைசலில் ஊறவைப்பதில் தவறில்லை. ஆனால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கையும் உயர்வலு போல்ட்டுகளையும் புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் ஆசிட் எதிலும் நனைக்கக் கூடாது. மிகக் கடினமாகப் பதப்படுத்திய எஃகில் அமிலம் வேலை செய்யும்போது பிறக்கும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கிவிடும். வெளியே பார்க்கப் புதுசு போல மின்னும் போல்ட், இறுக்கிய சில மணி நேரத்தில் தலை தனியே தெறிக்கலாம். ஸ்பிரிங்குக்கு வேண்டியது ஷாம்பும் துணியும்தான். பெயிண்ட் பெயர்ந்து துருக்குழி விழுந்திருந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்து மறைப்பதைவிட ஸ்பிரிங்கை மாற்றுவதே சரி. மீண்டும் மீண்டும் அமுங்கி எழும் கம்பிக்கு அந்தக் குழிதான் முறிவின் வாசல்.

ஷாக் அப்சார்பரின் தண்டு கண்ணாடி போன்ற குரோம் பூச்சு கொண்டது. அதில் ஒட்டிய மணலை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், அந்தக் கீறல் ஒவ்வொரு முறையும் சீலை அறுக்கும். முதலில் தண்ணீரை வழியவிட்டு மணலை நீக்கி, பிறகு மெல்லிய ஈரத் துணியால் ஒரு சுற்று. இங்கே துணியின் தரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு ஷெட்டுகளில் கிடைப்பது பெரும்பாலும் பனியன் வேஸ்ட். எண்ணெய் உறிஞ்ச அதைப் போல வேறில்லை. ஆனால் ஜிப், பட்டன், தையல் முடிச்சு கலந்த துண்டுகளைப் பொறுக்கி விலக்கிவிட்டே தண்டின் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

ராட் எண்ட் எனப்படும் கோள மூட்டு, இந்த வேலையில் அதிக நேரம் கேட்கும் பாகம், அந்த நேரத்துக்குத் தகுதியானதும் கூட. பந்தயக் காரின் ஆர்ம் நுனியில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக இதுதான் இருக்கும். எஃகுப் பந்து ஒன்று வளையத்துக்குள் திரும்பும். இரண்டுக்கும் இடையில் பல மாடல்களில் டெஃப்லான் துணிப் படலம் உண்டு. டெஃப்லான் படலம் உள்ளதற்கு எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. தடவினால் தூசியை இழுத்துப் பிடித்து அரைத்துக்கொண்டே இருக்கும். உலர்ந்த துணியால் பந்தின் தெரியும் பரப்பைத் துடைத்து, குறைந்த அழுத்தத்தில் ஏர் பிடித்தால் போதும். பிறகு ஆர்ம்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். விரலுக்கு டக்கென்று ஒரு தட்டல் தெரிந்தால் மூட்டு தேய்ந்துவிட்டது.

ராட் எண்டின் மரை ஆர்ம்முக்குள் ஏறி, ஜாம் நட்டால் இறுகியிருக்கும். நட்டுக்கு வெளியே தெரியும் மரையின் பள்ளத்தில் தண்ணீரும் தூளும் தங்கும். வளைவில் சக்கரத்தின் மேல் வரும் சுமையில் ஒரு பங்கு அந்த இடத்தில் வளைவு விசையாக இறங்குவதால், நட்டை ஒட்டிய முதல் மரையில்தான் களைப்பு முறிவு பெரும்பாலும் தொடங்கும். அதனால் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, மரையின் ஒவ்வொரு பள்ளத்தையும் ஷாம்பு விட்டுத் தேய்த்து, அலசி, ஏர் பிடித்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அழுக்கு என்றால் பிரஷுக்கு விலகும். விலகாமல், பள்ளத்தின் அடியில் நூலிழை போலக் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு நின்றால் அந்த ராட் எண்ட் அன்றைக்கே குப்பைக்குப் போக வேண்டியது. நான்கு மூலைகளின் ஆர்ம்களிலும் இப்படிப் பார்க்க ஒரு மணி நேரம் பிடிக்கும். இதைக் காட்டிலும் நன்றாகச் செலவான ஒரு மணி நேரம் பந்தயப் பட்டறையில் இருக்க முடியாது.

வெல்டு வைத்த மூலைகளுக்கும் அதே கவனம். ஆர்ம்களுக்கும் சட்டத்துக்கும் பல பந்தயக் குழுக்கள் வெளிர் சாம்பல் அல்லது வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதற்கு அழகு காரணம் இல்லை. கறுப்புப் பெயிண்டில் வெடிப்பு மறையும். வெளிர் நிறத்தில் வெடிப்பிலிருந்து கசியும் துரு ஒரு பழுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். கோடு வெல்டின் மேலே இருப்பதைவிட அதன் ஓரத்தில், வெல்டு சூடு பதத்தை மாற்றிய குழாய்ப் பரப்பில் இருப்பதே அதிகம். சந்தேகம் வந்தால் பெயிண்டை நீக்கி, சிவப்புச் சாயச் சோதனை செய்யலாம். சுத்தமான பரப்பில் சாயத்தைத் தெளித்துப் பத்து, இருபது நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரைத் தூவினால், வெடிப்புக்குள் புகுந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்பு இழையாக ஏறும். பரப்பில் எண்ணெய் இருந்தாலோ, மெழுகு பாலிஷ் போட்டிருந்தாலோ, மணல் பீய்ச்சி வெடிப்பின் வாயை நசுக்கி மூடியிருந்தாலோ சாயம் உள்ளே போகாது. கண்காட்சிக் காரைப் போல ஆர்ம்மைப் பாலிஷ் செய்வதைப் பந்தயப் பட்டறைக்காரர்கள் விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

அலசுவதற்கு என்ன தண்ணீர் என்பதிலும் கவனம் வேண்டும். போர் தண்ணீர் உப்பும் கடினமும் கூடியதாக இருந்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். மற்ற வேலைக்கு அது போதும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி ஆர்ஓ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இருந்தால் நல்லது. பிறகு தாமதமில்லாமல் ஏர் பிடித்து, மரைகள், போல்ட் தலைக் குழிகள், ஸ்பிரிங் உட்காரும் தட்டு, குழாய்களின் திறந்த முனைகள் எல்லாவற்றிலும் நிற்கும் நீரை விரட்ட வேண்டும். முனை மூடாத ஆர்ம் குழாய்க்குள் நீர் தங்கினால் அது உள்ளிருந்து அரிக்கும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் தெரியாது. வார்ப்பிரும்பு டிஸ்க் காய்வதற்குள் ஆரஞ்சு நிறத்தில் படலம் போட்டுவிடும். அது பயப்பட வேண்டிய துரு இல்லை, முதல் சில பிரேக்கில் பேடே துடைத்துவிடும்.

காய்ந்த பிறகு காப்புப் பூச்சு. வெறும் எஃகு போல்ட்டுகளுக்கும் மரைகளுக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம், துணியில் தொட்டுத் தடவும் அளவு மட்டும். நேராக ஸ்பிரே செய்தால் துளி டிஸ்க்கில் விழும். டிஸ்க்கில் விழுந்த ஒரு துளி எண்ணெய் பேடுக்குள் இறங்கிவிட்டால், அந்தப் பேடை மாற்றியே ஆக வேண்டும். வெளியே தெரியும் ஸ்டெயின்லெஸ் அல்லது டைட்டானியம் சைலன்சர் குழாயில் கைரேகை படிந்திருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும். சூடேறினால் அந்த ரேகை நிறமாக உலோகத்தில் பதிந்துவிடும்.

கழுவிய தண்ணீர் போகும் இடம் இந்தப் பகுதியில் முக்கியமான விஷயம். செம்பரம்பாக்கம் ஏரி அருகில் இருக்கிறது. சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து போகிறது. எண்ணெயும் பிரேக் தூளும் கலந்த நீரை வாசல் கால்வாயில் விடக்கூடாது. சிமெண்ட் தளமும், எண்ணெய் மிதந்து பிரியும் தொட்டியும் இருக்கும் இடத்தில்தான் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய்த் தட்டில் மிஞ்சியதைக் கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாகப் பெயிண்ட் கோடுகள். முக்கியமான ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்கிய பின், நட்டிலிருந்து ஆர்ம் வரை மஞ்சள் அல்லது வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது பட்டறை வழக்கம். நட்டு நழுவினால் கோடு உடைந்து காட்டும். பிரேக் கிளீனரும் தின்னரும் இந்தக் கோட்டை அழித்துவிடும். அழிந்த கோட்டின் மேல் கண்ணால் பார்த்து இன்னொரு கோடு வரைவது பொய்ச் சாட்சிக்குச் சமம். அந்த நட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் சரிபார்த்த பிறகே புதிய கோடு. சக்கரம் மாட்டி, காரை இறக்கி, சக்கர நட்டுகளையும் அப்படியே இறுக்கி, முதல் சுற்றை மெதுவாக ஓட்டி, நேர்ப் பாதையில் நான்கைந்து முறை லேசாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கின் ஈரத்தையும் ஆரஞ்சுப் படலத்தையும் போக்க வேண்டும். கார் பிட்டுக்குத் திரும்பியதும் டார்ச் மறுபடி வெளியே வரும். கோடுகள் எல்லாம் உடையாமல் இருந்தால் கார் அடுத்த சுற்றுக்குப் போகலாம்.